கழுத்தில் இருந்ததும் கையில் இருந்ததும்

நாள்தோறும் ஐந்து வேளையும் நம்மை அழைக்கும் பாங்கிலே 'ஃபலாஹ்' என்று ஒரு சொல் வருகிறது. வெற்றி என்று அதற்குப் பொருள் சொல்லிப் பழகியிருக்கிறோம். பொருள் சரியே. ஆயினும் அரபு மொழியில் வெற்றியைக் குறிக்கும் சொற்கள் பல. 'நஸ்ர்' என்பது பிறர் உதவியால் கிட்டும் வெற்றி. 'ஃபத்ஹ்' என்பது அடைபட்ட வாசல் திறந்துகொள்வது. 'ஃபவ்ஸ்' என்பது ஆபத்தைக் கடந்து பேறு பெறுவது. 'ஃபலாஹ்' என்னும் சொல்லின் வேரோ நிலத்தைப் பிளப்பதைக் குறிக்கிறது. உழவனுக்கு அரபியில் 'ஃபல்லாஹ்' என்றே பெயர். ஏர் பூட்டி மண்ணைக் கீறுகிறவன் அவன்; விதையை இட்டு மூடுகிறவன் அவன்; அதன்பின் வானத்தை அண்ணாந்து பார்த்து மழைக்குக் கையேந்துகிறவனும் அவனே. உழாமல் கையேந்தினால் அவனை உலகம் நகைக்கும். உழுதுவிட்டேன், இனி வானம் எதற்கு என்று இறுமாந்தால் அவன் விதை கருகும். இவ்விரண்டும் கூடிய வெற்றிக்கே பாங்கு நம்மை அழைக்கிறது என்பது என் எண்ணம்.

இச்சொல்லைப் பற்றி இத்தனை விரிவாக எண்ண வைத்தவர்கள் ஒரு தந்தையும் மகனும்.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வருவதுண்டு. ஓதி ஊதச் சொல்வார்கள். பேனாவில் ஓதித் தரச் சொல்வார்கள். தண்ணீர் ஓதி வாங்கிச் செல்வார்கள். நான் மறுப்பதில்லை. பிள்ளைகளுக்காக இறைவனிடம் இறைஞ்சுவது ஆசிரியனின் கடமைகளில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு படிக்கும் மகனோடு வந்த ஒருவர் தாவீஸ் ஒன்று கட்டித் தருமாறு கேட்டார். "பிள்ளை கணக்குப் போட்டுப் பார்க்கிறானா?" என்று வினவினேன்.

"படிப்பு கொஞ்சம் முன்னே பின்னேதான் ஹஜ்ரத். ஆனால் நீங்கள் கட்டித் தந்தால் அது போதும். 1975ஆம் வருஷம் ஹாக்கி உலகக் கோப்பையில் அஸ்லம் ஷேர் கான் கழுத்துத் தாவீஸை முத்தமிட்டுவிட்டு அடித்த பந்துதானே இந்தியாவை ஜெயிக்க வைத்தது!" என்றார் அவர்.

அதுவரை தலைகுனிந்து நின்றிருந்த மகன் மெல்லக் கேட்டான்: "அந்தப் போட்டியில் தோற்ற பாகிஸ்தான்காரர்களும் துஆ கேட்டிருப்பார்களே ஹஜ்ரத், அது என்ன ஆயிற்று?"

தந்தை அவனை அதட்டினார். எனக்கோ அவ்வினா மிகவும் பிடித்திருந்தது. அன்று சுருக்கமாக ஒரு விடை கூறி, துஆச் செய்து அனுப்பினேன். அதற்குரிய விரிவான விடை நம் வீடுகள் அனைத்துக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். 1975இல் நான் அலிஃப், பே கூட அறியாத சிறுவன். பின்னாளில் படித்தும் மூத்தோரிடம் கேட்டும் அறிந்தவற்றையே கூறுகிறேன்.

தோல்விகள் உழுத நிலம்

1975ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் 15 வரை மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் மூன்றாவது உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடைபெற்றது. பன்னிரண்டு நாடுகள் கலந்துகொண்டன. அக்கோப்பையை இந்தியா வென்றது எப்படி என்று அறிய விரும்புவோர் கோலாலம்பூரிலிருந்து தொடங்கலாகாது. சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

உலகக் கோப்பை என்னும் எண்ணத்தை விதைத்தவர்கள் பாகிஸ்தானியர். வெற்றியாளருக்கு வழங்கும் கோப்பையைச் செய்து கொடுத்ததும் அந்நாடே. 1971இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் நடந்த முதற்போட்டியில், அரையிறுதியில் இந்தியா ஒரு கோல் முன்னணியில் இருந்தும் பாகிஸ்தானிடம் 1-2 என்று தோற்றது. கோப்பை பாகிஸ்தானுக்குச் சென்றது, இந்தியாவுக்கு மூன்றாமிடம். 1973இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டெல்வீனில் இரண்டாம் போட்டி. இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள் போட்டு முன்னே நின்ற இந்தியாவை நெதர்லாந்து எட்டிப் பிடித்தது. கூடுதல் நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. காவலர் ஒருவரை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு கோல் போடும் வாய்ப்பு அது. அதுவும் தவறியது. முடிவில் ஸ்ட்ரோக்குகளால் தீர்ப்பு வந்தபோது இந்தியா தோற்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான்.

இத்தோல்விகளின் வடு ஆறுமுன் 1975க்கான ஆயத்தம் தொடங்கியது. இந்திய ஹாக்கியை நிர்வகித்தோர் அப்போது பிளவுபட்டு நின்றனர். அந்நிலையில் பஞ்சாப் மாநில அரசு பொறுப்பேற்று, சண்டிகரில் பயிற்சி முகாமுக்கு வகை செய்தது. 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற பல்பீர் சிங் அணியின் மேலாளர். குர்சரண் சிங் போதி பயிற்சியாளர். அஜித்பால் சிங் அணித்தலைவர்.

முகாம் நடந்துகொண்டிருந்தபோதே பல்பீர் சிங்கின் தந்தையார் காலமானார். இறுதிக் கடனை முடித்துவிட்டு அவர் மீண்டும் தம் பிள்ளைகளிடம் திரும்பினார். ஆம், அந்த ஆட்டக்காரர்களை அவர் பிள்ளைகளாகவே கொண்டார் எனலாம். ஓர் ஆசிரியன் என்ற முறையில் இச்செய்தியை நான் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. துக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வகுப்புக்கு வருகிறவரைப் பார்த்து மாணவன் கற்கும் பாடம் எந்தக் கிதாபிலும் இல்லை.

அணியில் யார் யார் இருந்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். பஞ்சாபின் சீக்கியர்கள் பலர். ஒரிசாவின் பழங்குடி மரபில் வந்த மைக்கேல் கிண்டோ. குடகு நாட்டின் கோவிந்தா. நம் சென்னையைச் சேர்ந்த பிலிப்ஸ். போபால் நகரத்து முஸ்லிம் இளைஞர் அஸ்லம் ஷேர் கான். ஹாக்கியின் மாமன்னர் தயான் சந்தின் மகன் அசோக் குமார். இவர்களுள் இருவருக்கிடையே பழைய உறவு ஒன்று இருந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்ற இந்திய அணியில் தயான் சந்தும் அஸ்லமின் தந்தையார் அகமது ஷேர் கானும் ஒன்றாக இருந்தவர்கள். முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அவ்விருவரின் பிள்ளைகளும் ஒரே அணியில் சேர்ந்தனர். அதே 1936 அணியில் ஆடிய அலி இக்திதார் ஷா தாரா, நாடு பிரிந்தபின் 1948 ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கினார். இந்தியாவும் பாகிஸ்தானும் களத்தில் மோதும்போது ஒரே மரத்தின் இரு கிளைகள் உரசுகின்றன என்று சொன்னால் மிகையாகாது.

முறிந்து நிமிர்ந்த அணி

கோலாலம்பூரில் தொடக்கமே எளிதாக இல்லை. இங்கிலாந்தை 2-1 என்று வென்ற இந்தியா, ஆஸ்திரேலியாவோடு 1-1 என்று சமன் செய்தது. கானாவை 7-0 என்று வீழ்த்தியது. அடுத்து, யாரும் எதிர்பாராத வகையில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றது. எஞ்சியது ஓர் ஆட்டம். எதிரே நின்றது மேற்கு ஜெர்மனி, 1972 ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு. அதில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தோல்வி இருவகை மனிதர்களை உருவாக்குகிறது. பழியை யார் தலையில் போடலாம் என்று தேடுகிறவன் ஒருவன். எங்கே ஓட்டை என்று பார்த்து அடைக்கிறவன் மற்றொருவன். உட்பூசல்களுக்குப் பேர்போன அணி அன்று இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டது. மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது.

அரையிறுதியில் எதிரி, விருந்தளிக்கும் மலேசியா. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்று பல இனத்தாரும் கூடி ஆடிய அணி அது. அந்நாட்டு ஹாக்கி வரலாற்றில் அதைவிடச் சிறந்த உலகக் கோப்பை அவர்களுக்கு வாய்த்ததில்லை. மழையால் ஆட்டம் தள்ளிப்போயிற்று. மெர்டேகா அரங்கில் கூடியிருந்த பல்லாயிரவரும் மலேசியாவுக்காகவே முழங்கினர். ஆட்டத்தின் மொத்த நேரம் எழுபது நிமிடம். அதில் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே எஞ்சியிருந்தபோது மலேசியா 2-1 என்று முன்னணியில் இருந்தது. இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர் வாய்ப்புகள் வந்தும் கனியவில்லை.

அப்போது பல்பீர் சிங் மைக்கேல் கிண்டோவை வெளியே அழைத்து, ஓரத்து இருக்கையில் அமர்ந்திருந்த இருபத்தொரு வயது அஸ்லமை உள்ளே அனுப்பினார். அடுத்து வந்த பெனால்டி கார்னரை அடிக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. அஸ்லம் கழுத்திலிருந்த தாவீஸை எடுத்து முத்தமிட்டார், இறைவனை நினைத்தார், அடித்தார். பந்து வலைக்குள் சென்றது. 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட, இந்தியா இறுதியாட்டத்துக்குச் சென்றது.

நம் வீடுகளில் சொல்லப்படும் கதை இவ்விடத்தில் தொடங்கி இவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது. தாவீஸ் நினைவில் நிற்கிறது, மற்றவை மறைந்துவிடுகின்றன.

மறைந்தவற்றை நாம் சற்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோம். பெனால்டி கார்னர் என்பது தனியொருவரின் செயலன்று. கோல் கோட்டின்மேல் நிற்கும் ஒருவர் பந்தை வெளியே தள்ள வேண்டும். அரைவட்டத்தின் முனையில் இன்னொருவர் அதை அசையாமல் நிறுத்த வேண்டும். அன்றைய விதிப்படி கையால் நிறுத்துவதுண்டு. மூன்றாமவர் அதை அடிக்க வேண்டும். எதிரணியின் காவலர்களோ அம்பு போல் பாய்ந்து வருகிறார்கள். தள்ளுகிறவர் ஒரு சாண் பிசகினால் நிறுத்துகிறவர் தடுமாறுவார். நிறுத்துகிறவர் தடுமாறினால் அடிக்கிறவர் திறமை வீண். மூவர் கைகளும் ஒரே கை போல் இயங்குவதற்கு எத்தனை காலைப்பொழுதுகள் வேண்டும்! சேறும் ஈரமுமான அயல்நாட்டுத் திடலில், கால் வழுக்கும் இடத்தில், அந்தக் கைகள் பழகியதை மறக்கவில்லை.

அடுத்து அந்த இருக்கை. ஓரத்தில் அமர்ந்திருப்பது எளிதென்று எண்ணாதீர்கள். பிறர் ஆடுகிறார்கள், பிறர் பெயர் முழங்குகிறது, நமக்கு அழைப்பு வருமா வராதா என்றும் தெரியாது. அவ்வேளையில் மனம் சோர்ந்துபோகிறவர் பலர். 'நான் இருந்தால் இப்படியா ஆடுவேன்' என்று புழுங்குகிறவர் பலர். இன்றுபோல் ஆட்டக்காரர்களை நினைத்தபோதெல்லாம் மாற்றி மாற்றி அனுப்பும் முறையும் அன்று இல்லை. அப்படியிருந்தும், உடல் சூடேறுவதற்கு முன்பே பந்தை எதிர்கொள்ள வேண்டிய நொடியில் அவ்விளைஞர் ஆயத்தமாக இருந்தார். 'ஸப்ர்' என்ற சொல்லைப் பொறுமை என்று மொழிபெயர்த்து, சும்மா இருப்பது என்று பொருள் கொண்டுவிட்டோம். அதன் வேருக்குக் கட்டிவைத்தல், பிடித்து நிறுத்துதல் என்று பொருள். ஓடத் துடிக்கும் மனத்தை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி, அழைப்பு வந்ததும் முழு வேகத்தோடு அவிழ்த்துவிடுவதே ஸப்ர். வள்ளுவர் காலமறிதல் என்ற அதிகாரத்தில் இதற்குக் கொக்கை உவமையாக்குகிறார். காத்திருக்கும் பொழுதும் அதன் கண் மீனைவிட்டு அகலுவதில்லை.

உஹது மலையடிவாரத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வில்லாளர் ஐம்பதின்மரை ஒரு குன்றின்மீது நிறுத்தி, என்ன நேரினும் இடம் பெயராதீர்கள் என்று பணித்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கியபோது கைக்கு வந்த வெற்றி கைநழுவிற்று. புனிதமான அந்தக் களத்தை ஒரு விளையாட்டோடு நான் ஒப்பிடவில்லை. ஓரத்தில் நிறுத்தப்பட்டவரின் கடமை நடுவில் நிற்பவரின் கடமைக்கு இளைத்ததன்று என்னும் பாடம் மட்டும் எங்கும் ஒன்றே.

வெளியே வந்த கிண்டோவையும் மறக்கலாகாது. ஒருவர் இடம் விட்டால்தான் இன்னொருவர் இடம் பெற முடியும். உலகம் உள்ளே சென்றவரின் பெயரை உரக்கச் சொல்லும். வெளியே வந்தவரின் பங்கு இறைவனின் ஏட்டிலாவது இருக்கும்.

தாவீஸ் பற்றி

தாவீஸ் அணிவது கூடுமா கூடாதா என்பது மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் செய்தி. இறைவசனங்களை எழுதி அணிவதை ஆகுமென்றோர் உளர். அதையும் தவிர்ப்பதே பேணுதல் என்றோரும் உளர். இரு சாராரும் ஒருமுகமாகக் கூறுவது ஒன்றுண்டு. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில் உள்ளன; தகட்டுக்கோ தாளுக்கோ தானாக எந்த ஆற்றலும் இல்லை. அந்த ஆய்வை இங்கே விரிக்கப்போவதில்லை.

என் கவலை வேறு. அஸ்லமின் வெற்றியைத் தாவீஸின் வெற்றி என்று மட்டும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்த இளைஞருக்கு அநீதி செய்கிறோம். போபால் மைதானங்களில் சிறுவயது முதல் அவர் சிந்திய வியர்வையை அழித்துவிடுகிறோம். கேட்கும் பிள்ளையோ வியர்வை இல்லாத வெற்றி ஒன்று உண்டென நம்பிவிடுகிறான். தேர்வு அறையில் அந்த நம்பிக்கை நொறுங்கும்போது அவன் தன் சோம்பலைக் குறை சொல்லமாட்டான். துஆவைத்தான் குறை சொல்வான். கல்வியில் தோற்ற பிள்ளையை மறு ஆண்டு தேற்றிவிடலாம். துஆவில் நம்பிக்கை இழந்த பிள்ளையைத் தேற்றுவது அத்தனை எளிதன்று. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பழகுகிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதற்காக, இறைநினைவு வெற்றுச் சடங்கு என்று ஒதுக்குவோருடனும் நான் சேரமாட்டேன். பல்லாயிரம் தொண்டைகள் எதிராக முழங்க, நாட்டின் நம்பிக்கை முழுதும் ஒரு கோலின் நுனியில் வந்து நிற்க, இருபத்தொரு வயது நெஞ்சம் நடுங்காமல் இருக்குமா? அந்நொடியில் தன்னைப் படைத்தவனை நினைத்தவருக்கு நெஞ்சு நிலைகொள்ளும். நிலைகொண்ட நெஞ்சுக்குக் கை கட்டுப்படும். கழுத்தில் இருந்தது நெஞ்சை நிறுத்தும் நினைவைத் தந்தது. கையில் இருந்த பழக்கம் பந்தை அடித்தது. இரண்டையும் தந்தவன் ஒருவனே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பைச் சாட்டுவதா, கட்டாமலே சாட்டுவதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு என்னும் கருத்தில் நபிகளார் விடையளித்ததை அறியாதவர் நம்முள் இல்லை. தவக்குல் என்பது கயிற்றைக் கையில் பிடித்தவனின் சொத்து.

வெள்ளிக்கிழமை

இறுதியாட்டம் மார்ச் 15, சனிக்கிழமை. முந்திய நாள் வெள்ளி. அன்று மேலாளர் பல்பீர் சிங், ஒரு சீக்கியர், அஸ்லமை அழைத்துக்கொண்டு தாமே பள்ளிவாசலுக்குச் சென்றார். நாளை எதிர்த்து ஆடப்போவது முஸ்லிம் நாடாகிய பாகிஸ்தான். அணியில் இருக்கும் முஸ்லிம் இளைஞர் ஒருவர். அவருடைய உள்ளத்தைச் சந்தேகிக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட வசதியான நாள் வேறில்லை. அந்நாளில் அணியின் மூத்தவர் அவருடைய தொழுகைக்குத் துணை சென்றார் என்பதில் ஆயிரம் சொற்பொழிவுகள் அடங்கியுள்ளன. 'உன் இறைவனிடம் கேள். நானும் உடன் நிற்கிறேன்' என்று அச்செயல் சொல்லிற்று. தம் தீனைத் தம்மிடம் வைத்துக்கொண்டே தாய்நாட்டுக்காக ஒருவர் உயிரைக் கொடுத்து ஆடலாம் என்பதற்கு மறுநாள் மெர்டேகா அரங்கம் சாட்சியாயிற்று. அந்த அணியின் வெற்றிக்குக் காரணம் கேட்டால், இந்த வெள்ளிக்கிழமையை நான் முதல் வரிசையில் வைப்பேன். நம்பப்பட்டவன் தன்னால் இயன்றதற்கும் மேலாகத் தருகிறான்.

பாகிஸ்தானின் பலத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இஸ்லாஹுத்தீன், ஷஹ்னாஸ் ஷேக், பறக்கும் குதிரை என்று புகழப்பட்ட சமீஉல்லா போன்றோர் நிறைந்த அணி. அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை 5-1 என்று வென்று வந்திருந்தது. இறுதியாட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் முகம்மது ஜாஹித் முதற்கோலைப் போட்டார். இடைவேளையிலும் பாகிஸ்தானே முன்னணி. 44ஆம் நிமிடத்தில் பெனால்டி கார்னர் மூலம் சுர்ஜித் சிங் சமன் செய்தார். 51ஆம் நிமிடத்தில் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே தெறித்தது. உள்ளே சென்று திரும்பிற்று என்றனர் இந்தியர். செல்லவில்லை என்றனர் பாகிஸ்தானியர். நடுவர் கோல் என்றார். முறையீடு எழுந்தும் தீர்ப்பு மாறவில்லை.

நடுவரின் நிலை காஜியின் நிலை போன்றது. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்தே அவர் தீர்ப்பளிக்க இயலும். மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. தீர்ப்பு வந்தபின் இரு அணிகளும் ஆட்டத்தைத் தொடர்ந்தன. எஞ்சிய பத்தொன்பது நிமிடங்களில் பாகிஸ்தான் அலை அலையாகத் தாக்கியது. இந்தியா தடுத்து நின்றது. 2-1. 1971இல் மூன்றாமிடம், 1973இல் இரண்டாமிடம், 1975இல் முதலிடம். படி தாண்டாமல் ஏறிய ஏணி அது. பாகிஸ்தானில் செய்த கோப்பையை அஜித்பால் சிங் கையில் ஏந்தினார்.

இரு பக்கத்துக் கைகள்

இனி அந்தச் சிறுவனின் வினாவுக்கு வருவோம். அதே ஊரில், அதே வாரத்தில், பாகிஸ்தான் ஆட்டக்காரர்களும் தொழுதிருப்பார்கள். அவர்களும் கையேந்தியிருப்பார்கள். ஒரே கிப்லாவை நோக்கி, ஒரே இறைவனிடம், எதிரெதிரான இரு வேண்டுதல்கள் ஏறின. கோப்பை ஒன்றே.

முஸ்லிமின் துஆ வீண்போவதில்லை என்றும், கேட்டதே கிடைக்கலாம், அல்லது மறுமைக்கென்று சேர்த்துவைக்கப்படலாம், அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படலாம் என்றும் நபிமொழி வழியே அறிகிறோம். ஆகவே தோற்றவர்களின் துஆவும் தொலைந்துபோகவில்லை. இன்னும் மூன்றே ஆண்டுகளில், 1978இல், பாகிஸ்தான் உலகக் கோப்பையை மீண்டும் வென்றது, 1982இலும் வென்றது, 1994இலும் வென்றது.

இரு பக்கத்திலும் துஆ இருந்தது என்றால், துஆவைக் காட்டி ஓர் அணியின் வெற்றியையும் மற்றதன் தோல்வியையும் விளக்க முடியாது. இரு பக்கத்திலும் திறமை இருந்தது. ஆகவே திறமையை மட்டும் காட்டியும் விளக்க முடியாது. மனிதக் கண்ணுக்கு எட்டும் காரணங்கள் சில உண்டு. முந்திய தோல்விகளை மறக்காமல் உழுத நிலம்; பிளவுபட்ட வீட்டுக்குள் ஒற்றுமையாக வளர்க்கப்பட்ட அணி; தந்தையை இழந்த துக்கத்தைப் புதைத்துவிட்டு நின்ற தலைவர்; ஓரத்தில் இருந்தும் உறங்காத ஓர் இளைஞர்; அவரை நம்பிய மற்றவர்கள். இவற்றுக்கு அப்பால் மழை உண்டு. கம்பத்தின் மூலையில் பட்ட பந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால் இக்கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன். அந்த அங்குலம் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அண்ணலாரிடம் 'அள்பா' என்ற ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் எதுவும் அதை முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்களுக்கு மனம் நொந்தது. உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது இறைவனின் வழக்கம் என்ற கருத்தை நபிகளார் எடுத்துரைத்து அவர்களைத் தேற்றினார்கள். வென்ற இந்தியாவும் அவ்வழக்கத்துக்கு விலக்காகவில்லை. அடுத்த ஆண்டே, 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், புல்தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரை வந்தபோது இந்தியா ஏழாமிடத்துக்கு இறங்கிற்று. 1980 மாஸ்கோவில் நம் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒலிம்பிக் தங்கம் வந்தது உண்மை. ஆனால் 2023 வரை நடந்த உலகக் கோப்பைகளில் ஒன்றிலும் இந்தியா மீண்டும் வெல்லவில்லை. பிளவும் திட்டமின்மையும் புகுந்த நிலத்தில் பழைய விளைச்சலின் பெருமை மட்டும் மிஞ்சியது. அஸ்லமே 1982இல் 'டு ஹெல் வித் ஹாக்கி' என்று, ஹாக்கி நாசமாய்ப் போகட்டும் என்னும் பொருளில், தம் நூலுக்குப் பெயர் வைத்தார். பின்னர் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஓர் ஆண்டின் உழவு மறு ஆண்டுக்குப் போதாது என்பதற்கு இவ்வரலாற்றினும் சான்று வேண்டுமோ?

ஆதலால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கழுத்தில் எதைக் கட்டலாம் என்று எண்ணுமுன் அவன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பஜ்ருக்கு எழுப்புங்கள், தொழுத பின் பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முன்வரிசையில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு, ஓரத்து இருக்கையிலும் ஆயத்தமாக இருக்கக் கற்றுக்கொடுங்கள். பிற சமயத்துத் தோழனோடு ஓர் அணியாக நிற்கப் பழக்குங்கள். இவை எல்லாவற்றையும் செய்துவிட்டு, பின்னிரவில் எழுந்து அவனுக்காக அழுது கேளுங்கள். பத்ருப் போருக்கு அணிவகுப்பை ஒழுங்கு செய்த பெருமானாரே, பின்னர் மேலாடை தோளிலிருந்து நழுவும் அளவுக்குக் கையேந்தி மன்றாடினார்கள் அல்லவா?

உழுத நிலத்தில் அல்லாஹ் மழையைப் பொழிவானாக. உழாத நிலத்தின் சொந்தக்காரருக்கு ஏரைப் பிடிக்கும் எண்ணத்தையாவது அருள்வானாக. ஆமீன்.